கார் பாடியும் லாரி ஆசாரியும்

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கம் பஸ் ஏறிவிடாதீர்கள். அது வேறு ஆலங்குளம். நான் சொல்வது விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிக்கும் ராஜபாளையத்துக்கும் பக்கத்தில், அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். 1970இல் ஆலை வந்தது. ஆலை வந்ததும் லாரி வந்தது. லாரி வந்தால் உடைந்த பலகையை மாற்றவும், ஆடுகிற கதவை இறுக்கவும் ஆள் வரத்தானே வேண்டும்? அப்படி வந்து தங்கிவிட்ட ஒரு பட்டறையில் 1929ஆம் வருஷத்து செவ்ரோலெட் டூரர் ஒன்றுக்கு மரத்தில் பாடி கட்டினோம். 'கட்டினோம்' என்று சொல்வது கொஞ்சம் அதிகம். கட்டினது ஆசாரி. நான் பலகை பிடித்தேன், டீ வாங்கி வந்தேன், கேள்வி கேட்டு அவர் உயிரை வாங்கினேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இப்படி ஒரு பழைய கார் இருந்தால், அழகாக சோபாவும் கட்டிலும் செய்கிற ஆசாரியைத் தேடிப் போகாதீர்கள். லாரிக்குப் பாடி கட்டிய ஆசாரியைத் தேடுங்கள். ஏன் என்பதற்குத்தான் இந்த நீளப் பதிவு.

இரும்புக்குள்ளே மரம்

கார் நண்பர் ஒருவருடைய தாத்தா வாங்கியது. சிவகாசியில் அச்சுத் தொழில் செய்கிற குடும்பம். குடோன் மூலையில், காலண்டர் கட்டுகளுக்குப் பின்னால், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு பல காலம் நின்றிருந்தது. வெளியே இழுத்தபோது பார்க்க ஒன்றும் மோசமில்லை. தகரத்தில் துரு உண்டு, ஓட்டை குறைவு. இன்ஜின் கையால் சுற்றினால் சுற்றியது. "டிங்கரிங் பண்ணி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிச்சா போதும்" என்று எல்லாரும் நம்பிக்கையாகச் சொன்னார்கள். பிறகு யாரோ பின்கதவைத் திறந்தார்கள். கதவு மட்டும் வரவில்லை. கதவோடு கீல், கீலோடு தூண், தூணுக்குள்ளிருந்து ஒரு படி மரத்தூள் எல்லாம் சேர்ந்து வந்தன.

இன்றைய காரில் தகரமும் உடம்பும் ஒன்றுதான்; அச்சில் அடித்து வெல்டிங் வைத்து ஒரே கூடாக எடுத்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து வண்டி அப்படி இல்லை. கீழே ஏணி மாதிரி இரும்புச் சேசிஸ். அதன் மேல் மரச்சட்டங்களால் ஒரு கூண்டு. கூண்டின் மேல் மெல்லிய தகரத்தை வளைத்துச் சின்ன ஆணியால் அடித்திருப்பார்கள். வடிவத்தைத் தருவதும், கதவைத் தாங்குவதும், உட்கார்ந்திருப்பவர் எடையைச் சுமப்பதும் மரம். தகரம் மேலுக்கு.

செவ்ரோலெட்டுக்குப் பாடி செய்தது ஃபிஷர் பாடி என்கிற கம்பெனி. குதிரை வண்டி கட்டிய குடும்பத்துச் சகோதரர்கள் 1908இல் டெட்ராய்ட்டில் ஆரம்பித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1919இல் 60 சதவீதப் பங்கை வாங்கி, 1926இல் முழுவதையும் தன்னுடையதாக்கிக்கொண்டது. கதவடியில் இருக்கும் அவர்களது சின்னத்தைப் பார்த்தால் அரசர் காலத்துச் சாரட்டு வண்டி இருக்கும். எங்கிருந்து வந்தோம் என்பதை அவர்கள் மறைக்கவே இல்லை. 1929 செவ்ரோலெட் வேறொரு வகையிலும் பேர்போனது: அதுவரை நாலு சிலிண்டராக இருந்த வண்டிக்கு ஆறு சிலிண்டர் இன்ஜின் வைத்து, நாலின் விலைக்கே ஆறு என்று விளம்பரம் செய்து விற்றார்கள். 194 கன அங்குலம், 46 குதிரைத்திறன். அதற்கு முந்தைய வருஷம், 1928இல்தான், ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கார் பூட்டும் தொழிற்சாலை தொடங்கியிருந்தது.

நம்ம பக்கத்துக் கதையும் இதே வழியில்தான் போகிறது. சென்னை அண்ணா சாலையில் சிம்சன் பஸ் ஸ்டாப்பில் இறங்காதவர் குறைவு. அந்த சிம்சன் கம்பெனி 1840இல் தொடங்கியது. குதிரைச் சேணமும் சாரட்டும் செய்த இடம். அதே கம்பெனியில் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து காட்டினார். பிறகு காருக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டினார்கள். சாரட்டுக்குக் கழுந்து (இன்னொரு சட்டத்தின் துளைக்குள் நுழையும் முனை) செதுக்கிய கை, காருக்குச் செதுக்க ஆரம்பித்தது, அவ்வளவுதான். கப்பலில் வெறும் சேசிஸும் இன்ஜினும் வந்து இறங்கும், மேல்பகுதியை உள்ளூரில் கட்டிக்கொள்வார்கள் என்பது அந்தக் காலத்தில் சாதாரணம். இன்றைக்கும் நம்ம லாரி, பஸ் விஷயத்தில் 'பாடி கட்டுறது' என்றுதானே சொல்கிறோம்? கரூரில் பஸ்ஸுக்கு, நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்கு. அந்தப் பேச்சு எந்தக் காலத்திலிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

மரம் ஏன் போனது? இரும்பு உறுதி என்பதால் மட்டும் இல்லை. பெயிண்ட் ஒரு பெரிய காரணம். மரக்கூண்டு வைத்த பாடியைச் சூடான அடுப்புக்குள் தள்ளிப் பெயிண்டைக் காயவைக்க முடியாது, மரம் வெடிக்கும். அதனால் பூச்சு மேல் பூச்சு அடித்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி அடித்து வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். எட்வர்ட் பட் என்பவர் முழுக்க இரும்பிலேயே பாடி அடிக்க ஆரம்பித்து, டாட்ஜ் சகோதரர்களுக்கு 1914இலிருந்து கொடுத்தபோது அந்தத் தொல்லை தீர்ந்தது. பாடி நேராக அடுப்புக்குள் போனது. ஜெனரல் மோட்டார்ஸ் மெதுவாகத்தான் மாறியது. கூரையை ஒரே தகட்டில் அடிக்கும் முறையே 1935 மாடல்களில்தான் அங்கே வந்தது. அதுவரை கூரை நடுவில் துணி.

இன்னொரு காரணம் மரமே. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி காருக்கு எவ்வளவு மரம் தேவைப்பட்டது என்றால், 1920 வாக்கில் அவர் மிச்சிகனில் காட்டையே வாங்கி, அயர்ன் மவுண்டன் என்ற ஊரில் அறுவை ஆலை வைத்தார். மிஞ்சிய துண்டையும் தூளையும் வீணாக்காமல் கரியாக்கிக் கட்டியடித்து விற்றார். இன்றைக்கு அமெரிக்காவில் கிங்ஸ்ஃபோர்ட் என்ற பேரில் விற்கிற அடுப்புக்கரி அதன் வாரிசு. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதை உடனே புரியும்.

எந்த மரம்?

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கார் கூண்டுக்குப் பேர் பெற்ற மரம் ஆஷ். நேரான ரேகை, இழுத்தால் முறியாமல் கொடுத்து மீளும் குணம், ஆவியில் வைத்தால் நன்றாக வளையும். இங்கிலாந்தில் மார்கன் கம்பெனி இன்னும் தன் கார்களுக்கு ஆஷ் சட்டம்தான் போடுகிறது. நம்ம தெற்கில் ஆஷ் கிடையாது. வரவழைக்கலாம், வந்தாலும் கரையானுக்கு நல்ல விருந்து. ஆஷ் ஈரத்தில் சீக்கிரம் இற்றுப்போகும், பூச்சிக்கும் தாங்காது.

அதனால் தேக்கு. இது சமாளிப்பு இல்லை. வெப்ப நாட்டுக்கு வண்டி கட்டியவர்கள் அன்றைக்கே செய்ததுதான். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, கரையான் எளிதில் தொடாது, காய்ந்த பிறகு சுருக்கமும் மற்ற மரங்களை விடக் குறைவு. ஆணி துருப்பிடிப்பதையும் அந்த எண்ணெய்ப் பசை தள்ளிப்போடும். கப்பல் கட்டியவர்கள் தேக்கை விரும்பினதில் அதற்கும் பங்கு உண்டு. குறையும் இருக்கிறது. அடி வாங்கித் தாங்குவதில் ஆஷுக்குப் பின்னால்தான் தேக்கு. வளைவதும் அவ்வளவு லகுவில்லை.

எங்கள் ஆசாரி இதையெல்லாம் புத்தகத்தில் படித்தவர் இல்லை. ஆனால் மரத்தைப் பிரித்த விதத்தைக் கேளுங்கள். நீளச் சட்டங்களுக்கும் தூண்களுக்கும் தேக்கு. கீல் திருகும் இடத்திலும் பூட்டு வாய் வரும் இடத்திலும் மட்டும் உள்ளே நாட்டுக் கருவேலத்தில் ஒரு கட்டை.

"தேக்கு நல்ல மரம்தான் தம்பி. ஆனா திருகாணியை ஆட்டி ஆட்டி இழுத்தா ஒரு நாள் விட்டுரும். கருவேலம் விடாது. வண்டிச் சக்கரத்துக்குப் போட்ட மரம்லா அது."

மாட்டு வண்டிச் சக்கரத்தின் குடமும் ஆரக்காலும் வட்டையும் கருவேலத்தில் செய்த ஊர் இது. நாட்டுக் கருவேலம் வேறு, சீமைக்கருவேலம் வேறு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சீமைக்கருவேலத்தை ஆசாரி "அது கரிக்குத்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்குத் தெரிந்த ஒரே மரம் மட்டி. தீக்குச்சிக்காகக் கேரளத்திலிருந்து சிவகாசிக்கு வருகிற மரம். அதன் பேரை எடுத்ததும் அவர் சிரித்த சிரிப்பில் நான் மரத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

தேக்கு வாங்க எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் செங்கோட்டைதான் வழி. மலையின் அந்தப் புறம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று கேரள வனத்துறையின் மர டிப்போக்கள். இந்தப் புறம் செங்கோட்டை மரக்கடைகளும் அறுவை மில்களும். வாங்கும்போது ஆசாரி பார்த்தது மூன்று விஷயம். வைரம் (உள்மரம்) எவ்வளவு, வெள்ளை (வெளிமரம்) எவ்வளவு. ரேகை நேராக ஓடுகிறதா. கண் எங்கே விழுந்திருக்கிறது. வெள்ளைப் பகுதியை ஒரு விரற்கடைகூட உள்ளே விடவில்லை. தேக்காகவே இருந்தாலும் வெள்ளையைப் பூச்சி தின்னும்.

பிறகு காத்திருத்தல். மலையடிவார ஈரத்தில் கிடந்த மரத்தை உடனே இழைத்துப் பூட்டினால், நம்ம வறண்ட காற்றில் அது தன் இஷ்டத்துக்குச் சுருங்கும். மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கின பிறகுதான் சுருக்கமே ஆரம்பிக்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து வெளியே போகிற திசையை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலகை கோணுவதற்குக் காரணம் இதுதான். உள்நாட்டு வறண்ட ஊரில் 10 முதல் 12 சதவீத ஈரம் என்ற கணக்குக்கு மரம் வந்த பிறகு கை வைத்தால் நல்லது. சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வளர்ந்ததற்கு இந்த வறண்ட வெயில் ஒரு காரணம் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். அதே வெயிலின் நிழலில்தான் எங்கள் பலகைகளும் காய்ந்தன. நிழலில் என்பது முக்கியம். நேர் வெயிலில் போட்டால் முனை வெடிக்கும். பலகைக்குப் பலகை நடுவே குச்சி வைத்து அடுக்கி, வெட்டு முனைகளில் பெயிண்டைத் தடவி விட்டுவிட்டார்.

அட்டையில் வெட்டிய கார்

மரம் தூளாகிவிட்டது. வரைபடமும் கையில் இல்லை. அப்படியானால் அளவு எங்கிருந்து வரும்?

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மரம் போனாலும் மரம் இருந்த தடம் போகாது. தகரத்தின் ஓரத்தில் சின்ன ஆணி ஓட்டைகள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையைத் தொட்டுக் கோடு போட்டால் அதன் பின்னால் சட்டம் எப்படி ஓடியது என்பது வந்துவிடும். சேசிஸில் பாடி உட்காரும் தாங்கிகளில் போல்ட் ஓட்டைகள். அவற்றின் நடுத்தூரம் அடிச்சட்டத்தின் அளவைச் சொல்லும். கீலில் இருக்கும் திருகாணி ஓட்டையிலிருந்து தூணின் கனம். தகரத்தின் உட்பக்கம் பெயிண்ட் படாத பட்டையான நிழல் தெரிந்தால், அங்கே மரம் ஒட்டியிருந்தது என்று அர்த்தம். தூளாகாமல் மிஞ்சின துண்டுகளில் கழுந்தின் அளவு. ஆசாரி எல்லாவற்றையும் நூல் கணக்கில் எடுத்தார். இஞ்சுக்கு 8 நூல். மில்லிமீட்டர் சொன்னால் அவருக்குப் புரியும், ஆனால் பிடிக்காது. வண்டியும் இஞ்சில் பிறந்த வண்டிதானே.

மாதிரி வெட்ட அட்டை வேண்டும். சிவகாசியில் அட்டைக்கா பஞ்சம்? அச்சில் வீணான காலண்டர் அட்டைகளை நண்பர் ஒரு கட்டு அனுப்பிவிட்டார். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் லட்சுமியோ முருகனோ. ஆசாரி ஒவ்வொரு அட்டையையும் திருப்பிப் பார்த்து, முகத்தில் கத்தி படாதபடி இடம் பார்த்துத்தான் வெட்டினார். அதனால் சில அட்டை பாதிக்கு மேல் வீணானது. வேலை முடிவதற்குள் பட்டறைச் சுவரில் காரின் எல்லாச் சட்டங்களும் ஆணியில் தொங்கின. இடப்பக்க முன்தூணில் மயில் தோகை, பின்வளைவில் தாமரை.

இடப்பக்கத்து மாதிரியைத் திருப்பிப் போட்டு வலப்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வைத்துக்கொள்ளலாம், கண்மூடித்தனமாக வைக்கக் கூடாது. அந்தக் காலத்துப் பாடிகள் இரண்டு பக்கமும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. நம்ம வண்டியில் பின்கதவு இரண்டுக்கும் நடுவே ஒன்றரை நூல் வித்தியாசம். தகரத்தைக் கேட்டுத்தான் மரத்தைச் செதுக்க வேண்டும்.

வளைவுகள் இன்னொரு தலைவலி. பின்சீட்டைச் சுற்றி வருகிற மேல்வளைவை நேர்ப்பலகையிலிருந்து ஒரே துண்டாக அறுத்தால், வளைவின் இரு முனையிலும் ரேகை குறுக்கே ஓடும். அங்கே பட்டென்று முறியும். அதற்கு விடை வண்டிச் சக்கரத்திலேயே இருக்கிறது. வட்டையை யாரும் ஒரே மரத்தில் செய்வதில்லை. துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டிலும் ரேகை முடிந்தவரை நீளவாக்கில் ஓடும்படி அறுத்துச் சேர்ப்பார்கள். பின்வளைவும் அப்படியே வந்தது: மூன்று துண்டு, சாய்வு வெட்டில் ஒன்றன் மேல் ஒன்று படியும் இணைப்பு. துணிக்கூரையைத் தாங்கும் வில்களுக்கு மட்டும் வேறு வழி. இரண்டு நூல் கனத்தில் தேக்கைப் பட்டைகளாக அறுத்து, பசை தடவி, வளைவான கட்டையில் வைத்து இறுக்கிவிட்டார். காய்ந்ததும் வளைவு நின்றது. தேக்கில் பசை போடும் முன் ஒட்டும் முகத்தைத் தின்னர் துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. பழைய காலத்து வச்சிரம் ஈரம் பட்டால் விட்டுவிடும் என்பதால் எபாக்சி.

அசையணும்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் நண்பர் இந்த வேலைக்கு வேறொருவரைத்தான் பார்த்து வைத்திருந்தார். தேர்ந்த கைக்காரர். அவர் செய்த கதவில் இணைப்பு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவினாலும் தெரியாது. அப்படிப்பட்டவரை விட்டுவிட்டு லாரிப் பட்டறையா என்று நானும் கேட்டேன். ஆசாரி சொன்ன பதில் இது:

"கட்டிலு போட்ட இடத்துல கிடக்கும். வண்டி கிடக்குமா? ஒரு சக்கரம் பள்ளத்துல விழும்போது சேசிஸ் முறுக்கும் தம்பி. மேல இருக்கிற மரமும் கூடவே முறுக்கணும். முறுக்க விடாம இறுக்கிப் பூட்டுனீங்கன்னா எங்கயாவது ஒரு கழுந்து தெறிச்சிரும்."

சொன்னதோடு நிற்கவில்லை. காட்டினார். கூண்டைச் சேசிஸில் வைத்து, தகரம் போடும் முன்பே கதவுகளை மாட்டிவிட்டார். கதவைச் சுற்றி இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றரை நூல். பிறகு முன்பக்க இடச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். கண்ணுக்கு எதுவும் நடக்கவில்லை. ஆனால் பூட்டுப் பக்கம் மேல்மூலையில் சொருகியிருந்த அட்டைத் துண்டு இறுகிக்கொண்டது, கீழ்மூலையில் இருந்தது தானாக விழுந்தது. செவ்வகமாக இருந்த கதவு வாய் சாய்சதுரமாகிவிட்டது. ஜாக்கியை இறக்கியதும் மறுபடி செவ்வகம். "இது போயிட்டு வரணும். போறதும் தப்பில்லை, வராம இருக்கிறதுதான் தப்பு."

அப்புறம்தான் அவர் இணைப்புகளைப் பார்த்தால் புரிந்தது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி இறுக்கவில்லை. அடிச்சட்டமும் தூணும் சேரும் இடத்தில் ஆழமான கழுந்து, பசை, குறுக்கே போல்ட், உள்மூலையில் இரும்பு முட்டு. அங்கே அசைவே கூடாது. தூணும் மேல்வளைவும் சேரும் இடத்தில் பசை இல்லை, திருகாணியும் இரும்புப் பட்டையும் மட்டும்; அங்கே கொஞ்சம் கொடுக்கும். அடிச்சட்டத்துக்கும் சேசிஸுக்கும் நடுவே லாரி டியூபை வெட்டி வைத்தார். முன்பு அந்த இடத்தில் தடித்த துணிப்பட்டை இருந்தது. போல்ட்டை எவ்வளவு இறுக்கலாம் என்பதற்கும் அவரிடம் கணக்கு உண்டு: டியூப் ஓரம் பிதுங்க ஆரம்பித்தால் போதும், மேலே ஒரு சுற்றும் வேண்டாம்.

இதே பிரச்சினைக்கு ஐரோப்பாவிலும் ஒருவர் மண்டையை உடைத்துக்கொண்டார். சார்லஸ் வேமன் என்கிற விமானி. பிரான்சில் இருந்துகொண்டு 1920களில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். மரச்சட்டங்கள் ஒன்றையொன்று தொடவே தொடாது. நடுவே சிறு இடைவெளி விட்டு இரும்புத் தட்டுகளால் இணைப்பார். மேலே தகரத்துக்குப் பதில் மெத்தென்ற துணி. மரத்தோடு மரம் உரசினால்தானே கிறீச் சத்தம்? உரசாததால் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. பென்ட்லி முதற்கொண்டு பெரிய கார்களுக்கெல்லாம் அந்த முறையில் பாடி கட்டினார்கள். நான் வேமன் கதையைச் சொன்னபோது ஆசாரி ஆச்சரியப்படவில்லை. "பறக்கிற வண்டியும் முறுக்கத்தானே செய்யும்" என்றார்.

சோபா ஆசாரியைக் குறை சொல்லவில்லை. அவர் வேலையில் அசைவு என்றால் குற்றம். முப்பது வருஷம் அதை ஒழிக்கப் பழகின கையிடம் போய் அசைய விடுங்கள் என்றால் எப்படி விடும்? லாரிக்காரருக்கு நேர்மாறு. பத்து டன் சிமெண்ட்டைச் சுமந்து குவாரி ரோட்டில் போய்வந்த பாடியில் எந்த இடம் முதலில் விட்டது என்று பார்த்துப் பார்த்துக் கற்றவர். உடைந்து வந்த வண்டிகள்தான் அவருடைய பாடப் புத்தகம்.

பட்டாசு வட்டாரத்தில் தச்சு வேலை செய்ததால் வந்த ஒரு பழக்கத்தையும் பார்த்தேன். பட்டாசு ஆலைக்குள் இரும்பு உரசிப் பொறி பறந்தால் ஆபத்து; அங்கே மரமும் பித்தளையும்தான் புழங்கும். ஆலைகளுக்குத் தட்டும் பலகையும் செய்து கொடுத்தவர் என்பதால், வெளியே தெரியாத, பாரம் வராத இடங்களில் இரும்பாணிக்குப் பதில் மரமுளை அடித்தார். துருவும் இல்லை, பின்னால் கழற்றுவதும் சுலபம். திருகாணி போடும் இடத்தில் முதலில் துளை போட்டு, ஆணியைச் சோப்பில் ஒரு தேய் தேய்த்து இறக்கினார். காய்ந்த தேக்கில் அப்படியே திருகினால் ஆணியின் தலை அறுந்துவிடும்.

அசலா, புதுசா?

மரம் முழுக்கப் புதுசு என்றால் அது இன்னும் 1929 கார்தானா என்று பலர் கேட்டார்கள். தத்துவமாக நிறையப் பேசலாம். ஆனால் இதற்கு ஒரு சட்டப் பக்கம் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்தோடு எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் ஆகாது. முக்கியமான நிபந்தனை: வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸையோ பாடியையோ இன்ஜினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது.

என் கருத்து இது. இற்றுப்போன தூணுக்குப் பதில் அதே அளவில், அதே இணைப்பில் தூண் வைப்பது பழுது பார்ப்பது. மரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு இரும்புப் பைப்பை வெல்டிங் வைத்து மேலே பழைய தகரத்தை மூடுவதுதான் மாற்றம். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். பைப் மலிவு, சீக்கிரம் முடியும் என்று அப்படிச் செய்தவர்களும் உண்டு. ஆனால் முறுக்காத பைப்பின் மேல் ஒட்டின மெல்லிய தகரம் கொஞ்ச நாளில் ஓரங்களில் கிழிய ஆரம்பிக்கும். சட்டத்தை விடுங்கள், வண்டியே ஒத்துக்கொள்ளாது.

அதனால் ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள். கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ. தூளாகாத பழைய துண்டுகளை எந்த இடத்தது என்று எழுதிப் பெட்டியில் போடுங்கள். பழைய கீல், பூட்டு, முட்டு எல்லாவற்றையும் துரு நீக்கித் திரும்ப மாட்டுங்கள். அட்டை மாதிரிகளை எறியாதீர்கள். அடுத்த தலைமுறைக்கு அதுதான் வரைபடம். கோயம்புத்தூரில் ஜிடி நாயுடு அறக்கட்டளையின் ஜீடீ கார் மியூசியம் 2015இல் திறந்தது. சென்னையில் ஏவிஎம் ஸ்டுடியோவில் 2023இலிருந்து பழைய கார்கள் காட்சிக்கு இருக்கின்றன. போனால் பளபளக்கிற பெயிண்டை மட்டும் பார்க்காதீர்கள். தொடாமல், எட்டிநின்று, கதவு வாயின் இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழே ஒரே அளவில் ஓடுகிறதா என்று பார்த்தால் உள்ளே இருக்கும் கூண்டின் யோக்கியதை தெரிந்துவிடும்.

வேலை கொடுக்கும் முன்

ஆசாரியிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: தகரம் முதலிலா, கதவு முதலிலா? கதவு என்று சொன்னால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அடுத்து, எந்த இணைப்பில் பசை போட மாட்டீர்கள் என்று கேளுங்கள். எல்லாத்துலயும் போடுவேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கூலியை மொத்தக் காண்ட்ராக்டாகப் பேசாதீர்கள். காண்ட்ராக்ட் பேசினால் யாருக்கும் அவசரம் வரும்; இந்த வேலையில் மரம் காய்வதற்கும், மாட்டிக் கழற்றி மாட்டுவதற்கும்தான் பாதி நாள் போகிறது. நாள் கூலி பேசுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சிவகாசிப் பக்கம் கூடமாட வேலைக்கு ஆள் கிடைப்பது சிரமம். அதையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. லாரிப் பட்டறைகள் பெரும்பாலும் இரும்புக்கு மாறிவிட்டன. கேபின் இப்போது கம்பெனியிலிருந்தே பூட்டி வருகிறது. மரத்தில் பாடி கட்டின கைகளுக்கு வயதாகிவிட்டது, எங்கள் ஆசாரி உட்பட. அவருடைய மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதில் தப்பும் இல்லை. எனவே உங்கள் காருக்கு வேலை ஆரம்பிக்கும்போது, ஆசாரிக்குப் பேசும் கூலியோடு இன்னொரு கூலியும் சேர்த்துப் பேசுங்கள். ஐடிஐ முடித்த பையனோ, வெல்டிங் பட்டறைப் பையனோ, ஆர்வமுள்ள ஒருத்தனை அவர் பக்கத்தில் நிறுத்தி, அவனுக்கும் முழு நாள் சம்பளம் கொடுங்கள். நண்பர் அப்படித்தான் செய்தார். செலவு கூடியது. ஆனால் வலப்பக்கப் பின்தூணை இறுதியில் செதுக்கினது அந்தப் பையன். கதவு வாயில் இடைவெளி ஒன்றரை நூல் என்று ஆசாரியே அளந்து ஒத்துக்கொண்டார். அடுத்த பழைய கார் இந்தப் பக்கம் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்பதற்கு இப்போது ஊரில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.